சாங்கி மழைக்கணக்கு: மாதக் கோப்பா, ஏபிஐயா?

பத்தாண்டுப் போக்கைப் பார்க்க வேண்டுமென்றால் யோசிக்கவே வேண்டாம்: சிங்கப்பூர் வானிலை ஆய்வகத் தளத்தின் மாதக் கோப்புதான். நிலையம், ஆண்டு, மாதம் தேர்ந்தெடுத்தால் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) இறங்கும். சாங்கியின் குறியீடு எஸ்24. நாளுக்கு ஒரு வரி: மொத்த மழை, வெப்பநிலை, காற்று.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம், விடுபட்ட அளவுக்குப் போட்டிருக்கும் நீளக் கோடு. அது இருந்தால் மொத்தப் பத்தியும் எழுத்தாகவே படிக்கப்பட்டு, சராசரி வராது. கோட்டை வெற்றிடமாக்குங்கள், பூஜ்யம் போட்டால் தரவு இல்லாத நாள் மழையில்லாத நாளாகிவிடும். பழைய ஆண்டுகளில் 30 நிமிட உச்ச மழைப் பத்தியில் பெரும்பாலும் கோடுதான்.

பிற்பகல் இடிமழை எத்தனை மணிக்கு எங்கே கொட்டியது என்பதற்கு சிங்கப்பூர் அரசின் தரவுத் தளமான டேட்டா.கவ்.எஸ்ஜியின் ஏபிஐ, அதாவது நிரல் வழியே தரவைக் கேட்டுப் பெறும் வழி. மழை 5 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். தேதியை 2024-01-15 என்ற வடிவில் கொடுத்தால் அந்த நாள் முழுதும் கிடைக்கும். விடை பக்கம் பக்கமாக வரும், அடுத்த பக்கத்தைக் கேட்க உதவும் குறியீடான டோக்கனை மறக்கக்கூடாது. ஒரு நாளுக்கு 288 அளவுகள். எண்ணிப் பார்க்காமல் கூட்டினால் மழை குறைத்தே காட்டும்.

இரண்டையும் சேர்ப்பவர்கள் காற்றில் கவனமாக இருக்கவும்: கோப்பில் மணிக்குக் கிலோமீட்டர், ஏபிஐயில் நாட் (மணிக்குக் கடல் மைல்). நாட் அளவை 1.852ஆல் பெருக்குங்கள்.