வெள்ளை ஓக்கா, சிவப்பு ஓக்கா? டிசம்பர் மானுக்கு எந்த மரத்தடி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மான் வேட்டைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: வெள்ளை ஓக் மரத்தைத் தேடு, கொட்டை விழுகிற இடத்தில் உட்கார். தப்பான பதில் இல்லை. ஆனால் அது எந்த மாதத்துக்கான பதில் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இரண்டு மரத்தடியிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு இப்போது சிவப்பு ஓக் பக்கம் சாய்ந்துவிட்டவன் நான். அதனால் கீழே வருவதில் நடுநிலைமையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே வெள்ளைவால் மான்தான் மாநில விலங்கு. ஆனாலும் பயிற்சி முடித்து லைசென்ஸ் எடுத்தவர்கள் சீசனில் அதைச் சட்டப்படியே வேட்டையாடலாம். விதிகளை 1895-இல் தொடங்கிய பென்சில்வேனியா கேம் கமிஷன் என்ற மாநில வேட்டைத்துறை பார்த்துக்கொள்கிறது. பக்கத்து ஒஹாயோவில் தனியார் நிலமென்றால் சோளத்தைக் கொட்டி மானை வரவழைக்கலாம். இங்கே பெரும்பாலான இடங்களில் அதற்கு அனுமதி கிடையாது. காடு தானாக என்ன உதிர்க்கிறதோ அதை நம்பித்தான் இடம் பிடிக்க வேண்டும், அதனால்தான் இந்த மரச் சண்டையே.

மற்ற போட்டியாளர்களை வேகமாக முடித்துவிடலாம். ஆள் விட்டுப்போன பழைய பண்ணைகளில் நிற்கும் ஆப்பிள் மரங்கள் அருமையான இடம், ஒரே மரத்தடிக்கு மான் நேராக வந்து நிற்கும். ஆனால் அந்த மரம் உங்களுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும், கரடிக்கும் தெரியும், நவம்பர் பிறந்தால் பழமும் இருக்காது. பெர்சிமன் பழத்துக்கு மான் உயிரை விடும் என்று தெற்கே வேட்டையாடும் நண்பர்கள் சொல்கிறார்கள். நம்ம கருங்காலிக்குச் சொந்தக்கார மரம் அது, பெண் மரத்தில்தான் காய்க்கும்; நான் திரியும் மலைகளில் கிட்டத்தட்ட இல்லை, அதனால் அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. மலை உச்சிகளில் நிறைய நிற்பது செஸ்நட் ஓக் என்ற இன்னொரு ஓக் வகை. கொட்டை பெரிது, சீக்கிரம் விழும், வேறு நல்லது கிடைக்கும் வரைக்கும் மான் அதைச் சாப்பிடும். ஒரு காலத்தில் இந்த மலைகளில் அமெரிக்கன் செஸ்நட் என்ற வேறொரு கொட்டை மரம் ஆண்டு தவறாமல் காய்த்துக் கொட்டியது. 1904-இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட பூஞ்சை நோய் அதை அழித்த பிறகுதான் எல்லாப் பாரமும் ஓக்கின் தலையில் விழுந்தது.

சரி, வெள்ளை ஓக். அதன் கொட்டையில் துவர்ப்பு குறைவு, அது ஒன்றே போதும் மான் அதைத் தேடி வர. செப்டம்பர் நடுவில் உதிரத் தொடங்கி அக்டோபரில் உச்சம். வில் சீசன் அக்டோபர் தொடக்கத்தில் திறப்பதால் வில்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். நன்றாக உதிர்கிற ஒரு வெள்ளை ஓக்கின் இருபது அடி சுற்றளவில் மான் சுற்றிச் சுற்றி வரும்போது, பரண் கட்டிக் காற்று வாட்டம் பார்த்து உட்கார்ந்தால் போதும். வில்லில் என் அனுபவம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை வைத்துச் சொன்னாலும், அக்டோபர் முதல் பாதியில் வெள்ளை ஓக்கை விட்டு வேறு மரத்தடிக்குப் போக எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

ஆனால் நான் ரைபிள்காரன். இங்கே ரைபிள் சீசன் 2019 முதல் தாங்க்ஸ்கிவிங் (நவம்பர் நான்காம் வியாழன் வரும் பண்டிகை) முடிந்த சனிக்கிழமை தொடங்குகிறது, 2019-க்கு முன்பு அதற்கடுத்த திங்கள் தொடங்கியது. எப்படிப் பார்த்தாலும் நவம்பர் கடைசி வாரம் தொடங்கி டிசம்பருக்குள் இரண்டு வாரம். ஆபீஸ் லீவும் அப்போதுதான் கிடைக்கிறது. அந்த நேரத்தில் வெள்ளை ஓக்கடியில் போய்ப் பார்த்தால் தரையில் இருப்பதெல்லாம் காலி மூடிகளும் வேர்விட்ட கொட்டைகளும்தான்.

என் தேர்வைத் தீர்மானித்தது இந்த விஷயம்தான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வெள்ளை ஓக் கொட்டை தரையில் விழுந்ததும் உறங்குவதில்லை, ஈரம் கிடைத்தால் அந்த இலையுதிர்காலத்திலேயே தோலைப் பிளந்து வேரை மண்ணில் இறக்கிவிடும். இறக்கிவிட்டால் உள்ளே இருந்த சத்து வேருக்குப் போகிறது, மானுக்கு மிச்சம் கொஞ்சம். அதற்கும் முன்னால் மான், கரடி, வான்கோழி, அணில் எல்லாம் முதல் பந்தியிலேயே அதைத்தான் காலி செய்கின்றன. சிவப்பு ஓக் கொட்டை வேறு ரகம். துவர்ப்பு அதிகம், வாயில் வைத்துப் பார்த்தால் பச்சைப் பாக்கைக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துக்கொள்ளும். ஆனால் அது குளிர்காலம் முழுக்க உறங்கி, அடுத்த வசந்தத்தில்தான் முளைக்கும். அக்டோபரில் விழுந்த கொட்டை டிசம்பரில் இலைச்சருகுக்கடியில் அப்படியே கெட்டியாகக் கிடக்கும். கொழுப்புச் சத்தும் வெள்ளையைவிட இதில் அதிகம், குளிர் இறுகும்போது மானுக்கு வேண்டியதும் அதுதான். துவர்ப்பு மானுக்கு அவ்வளவு பெரிய தடையும் இல்லை, அதன் எச்சிலில் இருக்கும் புரதங்கள் துவர்ப்பைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன.

இந்த வித்தியாசம் நமக்கு முன்னால் அணிலுக்குத் தெரியும். சாம்பல் அணில் வெள்ளை ஓக் கொட்டையைக் கிடைத்த இடத்திலேயே தின்றுவிடும், சிவப்பை எடுத்துப்போய்ப் புதைக்கும். வெள்ளையைப் புதைத்தே ஆகவேண்டும் என்றால் நுனியில் இருக்கும் முளையைக் கடித்து எடுத்துவிட்டுத்தான் புதைக்கும், முளைத்துப் போய்விடக் கூடாதே என்று. இங்கே வில்க்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்டீல் இதைப் பல வருடமாக ஆராய்ந்திருக்கிறார். டிசம்பருக்கு எதைச் சேமிக்கலாம் என்று அணில் முடிவு செய்துவிட்ட பிறகு அதோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

அப்புறம் பனி. மே மாதத்தில் தாமதமாக ஒரு கடும்பனி விழுந்தால் இரண்டு ஓக்கின் பூவும் கருகும். வெள்ளை ஓக் பூத்த வருடமே கொட்டை போடுவதால் அந்த இலையுதிர்காலம் வெறுங்கை. சிவப்பு ஓக் கொட்டை முற்ற இரண்டு பருவம் எடுக்கும், அதாவது இந்த வருடம் விழப்போவது போன வருடப் பூ. அது தப்பித்துவிடும், அடி அடுத்த வருடத்துக்குத்தான் விழும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. காற்றில் ஒடிந்து விழுந்த சிவப்பு ஓக் கிளை ஒன்றை எடுத்து, இலைக்காம்பு சேருமிடங்களை உற்றுப் பாருங்கள்: அடுத்த வருடக் கொட்டைகள் மிளகைவிடச் சிறிதாகக் குச்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவை நிறைய இருந்தால் அடுத்த சீசனுக்கு ஓரளவு நம்பலாம், ஒன்றுமே இல்லையென்றால் அந்த மரத்தை மறந்துவிடலாம். வெள்ளை ஓக்கில் இப்படி முன்கூட்டியே பார்க்க வழியே இல்லை, ஆகஸ்டில் பைனாகுலரோடு அண்ணாந்து பார்த்தால்தான் உண்டு.

"ஏன் அண்ணே, எல்லா ஓக்கும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்று புதிதாக லைசென்ஸ் எடுத்த தம்பி ஒருவர் கேட்டார். இலையைப் பாருங்கள். வெள்ளை ஓக்கின் மடல்கள் உருண்டிருக்கும், சிவப்பின் மடல் ஒவ்வொன்றும் கூராகி நுனியில் ஒரு முடி நீட்டிக்கொண்டிருக்கும். இலை மக்கிப்போயிருந்தால் பட்டை: வெள்ளை வெளிர்சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக உரியும், சிவப்பில் கருத்த பிளவுகளுக்கு நடுவே நீள நீளமான மழமழப்பான பட்டைகள் ஓடும். அதுவும் சந்தேகம் என்றால் கொட்டை ஒன்றை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தை விரலால் தடவுங்கள், சிவப்பு ஓக்கில் வெல்வெட் போல் பஞ்சு இருக்கும்.

மரம் கிடைத்தால் மட்டும் போதாது, மான் அதில் இப்போது தின்கிறதா என்று பார்க்க வேண்டும். சருகு புரண்டு ஈரமான கறுப்புப் பக்கம் மேலே தெரிந்தால் யாரோ கிளறியிருக்கிறார்கள். பெரிய பரப்பில் மண் தெரியச் சீய்த்திருந்தால் பெரும்பாலும் வான்கோழி. மான் மூக்காலும் குளம்பாலும் அங்கங்கே சின்னதாக விலக்கும், பக்கத்தில் பெரிய துண்டுகளாக நொறுங்கிய ஓடும் மினுமினுப்பான புழுக்கையும் கிடக்கும். ஓடு பொடிப்பொடியாக ஒரு கட்டைமேல் குவிந்திருந்தால் அணில் உட்கார்ந்து சாப்பிட்ட இடம். சீக்கிரமே விழுந்தவற்றில் வண்டு துளைத்தது நிறைய இருக்கும். சந்தேகமென்றால் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டால் சொத்தை பெரும்பாலும் மிதக்கும்.

சிவப்பு ஓக்குக்கு எதிராகவும் சொல்ல இருக்கிறது. அது மலைச்சரிவு நெடுக, குறிப்பாக வடக்கு, கிழக்குப் பார்த்த ஈரச் சரிவுகளில் நிறைய நிற்கும். நல்ல காய்ப்பு வருடத்தில் எங்கு பார்த்தாலும் தீனி என்பதால் மான் ஒரே மரத்தடிக்கு வர வேண்டிய கட்டாயமே இல்லை, எங்கோ அரை மைலில் தின்றுவிட்டுப் போய்விடும். வெள்ளை ஓக்கில் கிடைக்கும் இருபது அடித் துல்லியம் இங்கே கிடையாது. ரைபிள் கையில் இருப்பதால் எனக்கு இது சமாளிக்கக்கூடிய குறை: ஆரஞ்சு உடுப்போடு தரையிலேயே ஒரு தண்டில் சாய்ந்து, எழுபது எண்பது கஜம் பார்வை விழுகிற மாதிரி உட்காருகிறேன். மவுண்டன் லாரல் புதர் அடர்ந்த பகுதிக்கு ஒட்டிய சரிவாகத் தேர்ந்தெடுப்பேன், சீசன் திறந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் மான் பதுங்குவது அங்கேதான், வெளிச்சம் இருக்கும்போதே தின்ன வெளியே வருவதும் அந்த ஓரத்தில்தான். சாயங்காலம் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும் என்பதால் மான் வரும் வழிக்குக் கீழே இருப்பேன், வெயில் ஏறும் காலையில் மேலே.

வில்லோ கிராஸ்போவோ வைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டு அக்டோபரில் சிவப்பு ஓக்கடிக்குப் போக வேண்டாம், தம்பிக்கும் அதையேதான் சொன்னேன். இரண்டு சீசனுக்கும் லைசென்ஸ் எடுப்பவர் இரண்டு மரத்தையும் மேப்பில் குறித்துக்கொண்டு, அக்டோபர் கடைசியில் இடம் மாறிவிடலாம்.

இரண்டும் பொய்த்துப்போகிற வருடமும் வரும், ஸ்பாஞ்சி மாத் என்ற அந்துப்பூச்சியின் புழு இலையைத் தின்று தீர்த்த சரிவுகளில் இது சாதாரணம். அப்போது ஓக்கையே விட்டுவிட்டு, மரம் வெட்டிச் சில வருடம் ஆன காட்டின் விளிம்புக்குப் போங்கள், மான் அங்கே மேப்பிள் துளிரையும் பிளாக்பெர்ரிக் கொடியையும் மேய்ந்துகொண்டிருக்கும். புதர் நெருக்கம், தூரப்பார்வை கிடைக்காது, ஸ்கோப்பை ஆகக் குறைந்த பெரிதாக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.