கூட்டு ஸ்பெக்ட்ரம் சென்சிங்குக்கு ஆர்.டி.எல்-எஸ்.டி.ஆர் வி3 டொங்கிள்: வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் ஒன்று வாங்கிப் பயனில்லை, மூன்று வேண்டும். இந்த டொங்கிள் கணினியின் யூஎஸ்பியில் செருகும் மலிவு ரேடியோ ரிசீவர்; கூட்டு ஸ்பெக்ட்ரம் சென்சிங் என்பது பல ரிசீவர்கள் சேர்ந்து ஒரு சனல் காலியா என்று பார்ப்பது. கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கொக்னிட்டிவ் ரேடியோவில் (காலியான சனலைத் தானே கண்டுபிடித்துப் பாவிக்கும் ரேடியோ) இறுதியாண்டுத் திட்டம் செய்பவர்களுக்கு, விலைகூடிய ஒரே ரிசீவரைவிட மூன்று இடங்களில் வைத்த மூன்று மலிவு ரிசீவர்களே உதவும். குளக்கட்டுக்கோ காட்டுக்கோ பின்னால் இருக்கும் ரிசீவருக்கு ரீவி சிக்னல் எட்டாமல் போகலாம். அது சனல் காலி என்றே சொல்லும். மற்ற இரண்டும் அதைத் திருத்தவேண்டும். மூன்றையும் ஒரே வளவுக்குள் வைத்தால் மூன்றும் சேர்ந்தே ஏமாறும்.

பெயரில்லாத மலிவு டொங்கிள்களை விட்டு வி3ஐ எடுக்கக் காரணம் அதன் 1 பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழை) கடிகாரம். இலங்கையின் அனலொக் ரீவியில் 21ஆம் சனல் 470 முதல் 478 மெகாஹேர்ட்ஸ் வரை. படத்தைச் சுமக்கும் காவியலை 471.25இல் நிற்கும். டொங்கிளால் 8 மெகாஹேர்ட்ஸையும் ஒரே தடவையில் பார்க்க முடியாது. சாம்பிள் தவறாமல் ஓடுவது செக்கனுக்கு 2.4 மெகாசாம்பிள் வரைதான். அதனால் காவியலையைச் சுற்றி மட்டும் 2.048 மெகாசாம்பிளில் பிடித்து, 2048 புள்ளி எப்.எப்.டி (சிக்னலை அலைவெண் வாரியாகக் கட்டங்களாகப் பிரிக்கும் கணக்கு) போட்டால் ஒரு கட்டம் 1 கிலோஹேர்ட்ஸ். கட்டம் சிறுக்க அதற்குள் விழும் இரைச்சல் 33 டெசிபல் குறைகிறது, காவியலையோ முழுதாக அங்கேயே நிற்கிறது. 1 பிபிஎம் பிழை இங்கே அரைக் கட்டம்கூட வராது. 50 பிபிஎம் பிழை என்றால் இருபக்கமும் ஏறக்குறைய 24 கட்டங்களைத் துழாவவேண்டும்.

ஓட்டோ கெயினைக் கட்டாயம் நிறுத்துங்கள். கெயின் (பெருக்கம்) தானாக ஏறி இறங்கினால் சக்தியை அளப்பதில் அர்த்தமில்லை. டொங்கிள் சூடாகி நிலைக்கு வர ஏறக்குறைய இருபது நிமிடம் விட்டு, அன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் முனைத் தடையைப் பூட்டி ஒவ்வொரு டொங்கிளுக்கும் இரைச்சல் மட்டத்தைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் ஒரே வாசல் மட்டம் (தாண்டினால் சிக்னல் என்று கொள்ளும் எல்லை) வைப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. இரைச்சல் மட்டத்தில் 1 டெசிபல் நிச்சயமின்மை இருந்தாலே, எவ்வளவு நேரம் கேட்டாலும் இரைச்சலோடு ஒப்பிட மைனஸ் 3.3 டெசிபலுக்குக் கீழே உள்ள சிக்னலைச் சக்தி அளவால் நம்பிக்கையாகப் பிடிக்க இயலாது.

இங்கே அந்த நிச்சயமின்மையைக் கொண்டுவருவது பெரும்பாலும் சோலர் சார்ஜ் கொன்ட்ரோலர். வெயில் நேரத்தில் அது இரைச்சலைத் தூக்கும், இரவில் அடங்கும். பகலில் குறித்த மட்டத்தை இரவில் பாவித்தால் உண்மையான சிக்னல் தவறிப்போகும். 12 வோல்ட் பற்றரியிலிருந்து 5 வோல்ட் எடுக்கும் மலிவு கன்வேர்ட்டரும் இதே குற்றவாளி. வயரில் இரைச்சலை அடக்கும் பெரைட் வளையம் போட்டு, டொங்கிளை நீட்டு யூஎஸ்பி கேபிளில் தள்ளி வையுங்கள்.

ஏ9 வீதியோரம் கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரத்துக்கு அருகே வேறு தலைவலி. டொங்கிளில் 8 பிட் மட்டுமே, பலத்த எவ்.எம் அலை வந்தால் இல்லாத சிக்னல்களையும் காட்டும். கெயினை 10 டெசிபல் குறைத்துப் பாருங்கள்: உண்மையானது 10 குறையும், போலி அதைவிட அதிகமாக விழும். 88–108 மெகாஹேர்ட்ஸைத் தடுக்கும் பில்டர் ஒன்று போட்டால் நிம்மதி.

வீட்டு ரீவி அன்டெனா 75 ஓம் என்று பயப்படவேண்டாம், இழப்பு 0.2 டெசிபல்கூட இல்லை. ஆர்ஜி-6 கேபிள் 20 மீற்றரில் சுமார் 3 டெசிபல் தின்னும், அதைக் கவனியுங்கள்.

இனி முடிவெடுப்பது. மூல சாம்பிள்களை அனுப்ப நினைக்கவேண்டாம்: ஒரு டொங்கிளுக்கே செக்கனுக்கு 4 மெகாபைட். டொங்கிள் செருகிய ஒவ்வொரு ராஸ்பெரி பையும் (சிறு கணினி) 'இருக்கு', 'இல்லை' என்று ஒரு பிட் அனுப்பினால் போதும். ஒவ்வொன்றும் 0.8 நிகழ்தகவில் சரியாகப் பிடித்து, 0.1இல் பொய்யாக அலறுகிறது என்று வைப்போம். ஒன்று சொன்னாலே நம்புவது என்றால் பிடிப்பு 0.99, பொய் 0.27. மூன்றில் இரண்டு சொல்லவேண்டும் என்றால் பிடிப்பு 0.896, பொய் 0.03. மூன்றும் சொல்லவேண்டும் என்றால் பிடிப்பு 0.51, அது எதற்கும் உதவாது. காலி ரீவி சனல்களைப் பாவிப்பதற்கான 802.22 தரம் கேட்பது 0.9 பிடிப்பு, 0.1 பொய் என்பதால் மூன்றில் இரண்டே கிட்டத்தட்டப் பொருந்தும். இந்தக் கணக்கு மூன்றும் ஒன்றையொன்று சாராதபோதுதான் சரி.

ராஸ்பெரி பை 4இல் பற்றரிக் கடிகாரம் இல்லை. கரண்ட் போய் வந்தபின் இணையம் கிடைக்கும்வரை நேரம் பிழையாகவே ஓடும். பழைய பிட்டைப் புதியதென எண்ணாமலிருக்க, மலிவு ஆர்டிசி (பற்றரிக் கடிகார) மொடியூல் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.