ஸ்கீ மலையில் ஒரு சீசன் வேலை: பாஸ் இலவசம், பகல் யாருடையது?

குளிர்காலத்துக்கு ஆள் எடுக்கும் ஸ்கீ ரிசார்ட்டுகள் தருவது கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான்: மணிக்கணக்கில் சம்பளம், ஊழியர் விடுதியில் ஒரு கட்டில், மலைமேல் ஏற்றிச் செல்லும் நாற்காலி லிஃப்டுகளுக்குச் சீசன் முழுக்கச் செல்லும் பாஸ், கருவி வாடகையில் தள்ளுபடி, சில இடங்களில் வேலை நேரச் சாப்பாடும் இலவசப் பயிற்சி வகுப்பும். இதை எடைபோட உட்காருகிறவர்கள் முதலில் சம்பளத்தைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. லிஃப்டுகள் பொதுவாகக் காலை எட்டரை, ஒன்பது மணிக்கு ஓடத் தொடங்கி மாலை நாலு மணியளவில் நின்றுவிடும். அந்த ஏழு மணி நேரத்தில் உங்கள் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் அந்த இலவச பாஸின் விலை. வாரத்தில் ஐந்து நாள் காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை வேலை என்றால், பாஸ் கழுத்தில் தொங்கும், மலை ஜன்னலில் தெரியும், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் முதலிடம் இரவுச் சாப்பாடு நடத்தும் உணவகங்களுக்கு. மூன்று மணிக்கு மேல் தொடங்கி இரவு பதினொன்று வரை போகும் ஷிஃப்ட். பாத்திரம் கழுவுகிறவர், உதவிச் சமையலாள், பரிமாறுகிறவர், பாரில் நிற்கிறவர் என யாராக இருந்தாலும் காலை முழுக்க அவருடையது. இரவு பெய்த புதுப்பனியில் முதல் லிஃப்டுக்கு வரிசையில் நிற்கிற ஊழியர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். பாத்திரம் கழுவும் வேலைக்கு மதிப்புக் குறைவு என்று ஒதுக்குவது பெரிய தவறு. சீசனில் அதிக நாள் சறுக்கக் கிடைப்பது அதில்தான்.

ஸ்பிளிட் ஷிஃப்ட் காகிதத்தில் இதைவிட அழகாகத் தெரியும்: காலைச் சிற்றுண்டிக்கு ஆறரையிலிருந்து பத்து, மறுபடி மாலை ஐந்திலிருந்து பத்து. நடுவில் ஆறேழு மணி நேரம் மலை. ஆனால் தூக்கம் ஆறு மணி நேரத்துக்கும் கீழே போகும், தினமும் இரண்டு முறை உடை மாற்றி இரண்டு முறை பஸ் பிடிக்க வேண்டும். இரண்டு மாதம் தாங்கலாம். ஐந்து மாத ஒப்பந்தம் முழுக்க ஸ்பிளிட் என்றால் யோசித்துக் கையெழுத்திடுங்கள்.

லிஃப்ட் இயக்கும் வேலையை எல்லோரும் சுகமான வேலை என்று நினைக்கிறார்கள். லிஃப்ட் திறப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே அங்கே இருக்க வேண்டும். நாற்காலிகளில் படிந்த பனியைத் தட்ட வேண்டும், நிறுத்தும் பொத்தான்களைச் சோதிக்க வேண்டும், ஏறும் இடத்தின் பனிமட்டத்தை மண்வெட்டியால் சரிசெய்ய வேண்டும். அந்த மட்டம் கவனத்துக்குரியது. பனி தாழ்ந்துவிட்டால் நாற்காலி தொடைக்கு மேலே வந்து இடிக்கும், குழந்தைகளால் ஏறவே முடியாது. உயர்ந்துவிட்டால் முழங்காலுக்குக் கீழே அடித்துக் கீழே தள்ளும். நாள் முழுக்கப் பலமுறை வாரிப் போட வேண்டிய வேலை அது. மேல் நிலையத்தில் பணி என்றால் போகவரச் சறுக்கலாம், சில மலைகளில் சுழற்சி முறையில் இடைவேளையும் கிடைக்கும். ஆனாலும் பகல் நிர்வாகத்துடையது, குளிர் உங்களுடையது.

அறை சுத்தம் செய்யும் வேலைதான் சறுக்க வருகிறவருக்கு மிக மோசமான பேரம். விருந்தினர் வெளியேறும் காலையும் அடுத்தவர் நுழையும் மாலையும் சேர்ந்து லிஃப்ட் ஓடும் நேரத்தை அப்படியே விழுங்கிவிடும். ஆல்ப்ஸில் வாராந்தர ஆள் மாற்றம் பெரும்பாலும் சனிக்கிழமை நடக்கும், அன்று மூச்சுவிட நேரம் இராது. இதற்கு ஒரு நல்ல விலக்கு ஜப்பானின் நிசெக்கோ போன்ற இடங்கள்: விளக்கு வெளிச்சத்தில் இரவுச் சறுக்கல் உண்டு என்பதால் மூன்று மணிக்கு வேலை முடித்தவருக்கும் அங்கே மலை மிச்சமிருக்கிறது. அதோடு சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளி வந்து கொட்டும் உலர்ந்த பொடிப்பனி அடிக்கடி விழுவதால், காலையைத் தவறவிட்டாலும் மாலையில் புதுப்பனி கிடைப்பதுண்டு.

தொழில் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் கருவி வாடகைக் கடைக்குப் போங்கள். காலை எட்டிலிருந்து பத்தரை வரை தள்ளுமுள்ளு, மாலை திரும்பக் கொடுக்கும் நேரத்தில் மறுபடி நெரிசல். நடுப்பகலில் நல்ல மேலாளர்கள் ஆட்களை முறைவைத்து மலைக்கு அனுப்புவார்கள். இங்கே கற்கும் முதல் பாடம் பைண்டிங்கின், அதாவது பூட்டை (ஸ்கீ காலணியை) ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பிடியின், டின் எண்: எவ்வளவு விசையில் அது கழல வேண்டும் என்பதன் அளவு. வாடிக்கையாளரின் எடை, உயரம், வயது, சறுக்கும் திறன் வகை, பூட் அடிப்பாகத்தின் நீளம் ஆகிய ஐந்தையும் அட்டவணையில் வைத்துத்தான் எண் வரும். அடிப்பாக நீளம் மில்லிமீட்டரில் பூட்டின் பக்கவாட்டில், குதிகாலருகே பொறித்திருக்கும். அந்த எண்ணைத் தாழ்த்தி வைத்தால் ஓடும்போதே ஸ்கீ கழன்றுவிடும். ஏற்றி வைத்தால் விழும்போது கழலாது, முழங்கால் தசைநார் அதற்கு விலை கொடுக்கும். வெட்கப்பட்டு எடையைக் குறைத்துச் சொல்கிறவர்களும், கெட்டிக்காரத்தனத்தைக் கூட்டிச் சொல்கிறவர்களும் தினமும் வருவார்கள். ஏன் கேட்கிறோம் என்று ஒரு வரியில் விளக்கினால் பெரும்பாலோர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

பயிற்றுநர் வேலைக்கு முதல்நிலைச் சான்றிதழாவது வேண்டும். நாள் முழுக்கப் பனியில்தான் நிற்பீர்கள், ஆனால் அது தொடக்கநிலைச் சரிவு, புதியவர்களை மேலே ஏற்றும் நகரும் பட்டையான மேஜிக் கார்ப்பெட்டின் ஓரம். வகுப்பு இருந்தால்தான் கூலி என்ற ஒப்பந்தங்கள் அதிகம். பள்ளி விடுமுறை வாரங்களில் ஓய்வே இராது, ஜனவரி நடுவில் கை காயும். செயற்கைப்பனி தயாரிக்கும் குழுவும், பனியைச் சமன்செய்யும் வண்டி ஓட்டுநர்களும் இரவு ஆட்கள். செயற்கைப்பனிக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை (காற்றின் ஈரப்பதத்தையும் கணக்கில் எடுத்த வெப்பநிலை) சுமார் மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போக வேண்டும், அதனால் வேலை பெரும்பாலும் நள்ளிரவில், உறையும் நீர்க்குழாய்களோடு. உடல்வலு உள்ளவர்களுக்கு மட்டும்.

அடுத்தது ஒப்பந்தம். வடகோளத்தில் சீசன் நவம்பர் கடைசி அல்லது டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஜூனிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. பெரும்பாலானோர் அடிபடுவது முதல் மூன்று வாரத்தில். பனி தாமதமாக விழுந்தால் லிஃப்ட் திறக்காது, வேலை நேரம் கொடுக்க மாட்டார்கள், விடுதி வாடகை மட்டும் நின்றபாடில்லை. ஆகவே வாரத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்ற உறுதி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாடகை சம்பளத்தில் பிடிக்கப்படுமா, முன்பணம் எப்போது திரும்ப வரும், சீசன் முடிவு போனஸ் கடைசி நாள் வரை இருந்தால்தானா, ஊழியர் பாஸுக்கு நெரிசல் நாட்களில் தடை உண்டா, இவையும் கேட்டே ஆக வேண்டியவை. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை விடுப்பு எதிர்பார்க்காதீர்கள். வேலை-விடுமுறை விசாக்களில் வயது வரம்பு உண்டு, ஒரே முதலாளியிடம் எத்தனை மாதம் என்ற வரம்பும் சில நாடுகளில் உண்டு. சீசன் நீளத்தோடு அது பொருந்துகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

விடுதியில் அறை எவ்வளவு பெரிது என்பதைவிட ஈரம் உலர்த்தும் அறை இருக்கிறதா என்பது பெரிய கேள்வி. நனைந்த பூட்டை மறுநாள் காலை போடுவதுபோல் ஒரு தண்டனை இல்லை. உலர்த்தும் அறை இல்லையென்றால் உள்ளுறையை வெளியே எடுத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஹீட்டர் மேலே வைக்கக் கூடாது, நுரை வெந்து உருமாறிவிடும். அடுத்து, இரவு ஷிஃப்ட் முடிந்தபின் கடைசி பஸ் இருக்கிறதா என்பது. உறைந்த சாலையில் நள்ளிரவில் நடப்பது எண்ணியதைவிட நீளும்.

கருவிகளில் காசு போட வேண்டிய இடம் பூட் ஒன்றுதான். அளவு மாண்டோபாயின்ட்டில் வரும், அதாவது பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். சோதிக்கும் முறை எளிது: உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்நுனி முன்னே தொடும்படி நின்றால் குதிகாலுக்குப் பின்னே 1 முதல் 2 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் பெரிது. உள்ளுறையோடு போட்டு நிமிர்ந்து நிற்கும்போது விரல் லேசாக உரசும், முழங்காலை மடக்கியதும் விலகும். அது சரியான அளவு. கடையில் சுகமாக இருக்கிறதே என்று ஒரு எண் பெரிதாக வாங்குகிறவர்களுக்குப் பத்தாம் நாள் குதிகால் தூக்கும், கணுக்காலில் கட்டுப்பாடு போகும், இறுக்கிக் கட்டிக் கட்டிப் பாதம் மரத்துவிடும். இரண்டு சாக்ஸ் போடுவதும் அதே தவறுதான். ஒரே ஒரு மெல்லிய நீள சாக்ஸ் போதும்.

ஸ்கீயை முதல் இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பிறகு பழையதாக ஒன்று வாங்கலாம், தாடைக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம் தொடக்கத்துக்குப் பொருந்தும். டிசம்பரில் பனிக்கு அடியில் கல் தலைகாட்டும், புது ஸ்கீயின் அடிப்பகுதி கிழிவது அந்த மாதத்தில்தான். அடிப்பகுதி உலோக எட்ஜ் ஓரமாக வெளுத்துக் காய்ந்து தெரிந்தால் இஸ்திரியால் உருக்கி மெழுகு போட வேண்டும். இஸ்திரியிலிருந்து புகை வந்தால் சூடு அதிகம். ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் அடிப்பகுதி வெந்துபோகும்.

உடையில் பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாது. உடம்போடு மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் ஃப்ளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத ஷெல் ஜாக்கெட். கையுறை இரண்டு ஜோடி. காகிள்ஸின் (பனிக் கண்ணாடியின்) உட்புறத்தைத் துடைக்கக் கூடாது, பனிமூட்டம் தடுக்கும் பூச்சு போய்விடும். ஒற்றி எடுங்கள். மேகமூட்ட நாளுக்கு வெளிர் மஞ்சள் அல்லது ரோஸ் லென்ஸ் தனியாகத் தேவை. கறுப்பு லென்ஸில் அன்று மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், ஆகவே சன்ஸ்க்ரீனைத் தாடைக்கு அடியிலும் மூக்குக்குக் கீழும் தடவ வேண்டும்.

காப்பீட்டில்தான் பலருக்கு ஓட்டை. முதலாளியின் காப்பீடு பெரும்பாலும் வேலையில் பட்ட அடிக்கு மட்டும். விடுமுறை நாளில் முறிந்த மணிக்கட்டுக்கும் கிழிந்த முழங்கால் தசைநாருக்கும் உங்கள் சொந்தக் காப்பீடு வேண்டும். அதில் குளிர்கால விளையாட்டு, மீட்பு ஹெலிகாப்டர், தடத்துக்கு வெளியே சறுக்குவது ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். ஸ்னோபோர்டு பழகுகிறவர்கள் முதல் வாரத்தில் உள்ளங்கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்வார்கள். மணிக்கட்டுக் காப்பு போட்டுக்கொண்டு, விரல்களை மூடி முன்கையில் விழப் பழக வேண்டும்.

கயிறு கட்டி மூடிய பகுதிக்குள் நுழைந்தால் ஊழியருக்குப் பாஸ் போகும், பல இடங்களில் வேலையும் போகும். அந்தக் கண்டிப்பு முழுக்க நியாயம். எல்லைக்கு வெளியே போகிறவர்களுக்கு 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைத் தேட உதவும் ரேடியோ கருவி), துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த துணையும் வேண்டும். பனிச்சரிவு அபாய அளவு 1 முதல் 5 வரை. 3 என்றால் நடுத்தரம் என்று படிப்பது உயிரை வாங்கும் பிழை, அந்த அளவின் பெயரே 'கணிசமான அபாயம்'. புதைந்தவரைத் தோண்டியெடுக்க முதல் பத்துப் பதினைந்து நிமிடமே பெரிய வாய்ப்பு, மீட்புப்படை வந்துசேர அதைவிட நேரமாகும்.

ஜனவரியில் கூட்டம் குறைவு, பனி தரமானது. விருப்ப விடுப்பை அப்போது எடுங்கள். மார்ச் கடைசியில் இரவில் உறைந்து பகலில் இளகும் பனியில் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அருமையாக இருக்கும், அதற்குமேல் கஞ்சி. ஏப்ரலில் ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் ஸ்கீகளைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள், அடுத்த வருடமும் வருகிறவர் அப்போது வாங்கலாம். எடுத்து வைக்கும்போது மெழுகைக் கனமாகப் பூசி, சுரண்டாமல் விடுங்கள். பூட்டை நன்றாக உலர்த்திப் பக்கிள்களை லேசாக மாட்டி வையுங்கள். திறந்தபடி கிடந்தால் பிளாஸ்டிக் விரிந்த நிலையிலேயே நின்றுபோய், அடுத்த டிசம்பரில் காலைக் கவ்வாது.