மேக்னபேன் 3.7: ரிப்பன் ஸ்பீக்கரின் ஒலியும் அதன் முழு விலையும்

ஸ்பீக்கர் சந்தையில் ‘ரிப்பன்’ என்ற சொல்லை எதற்கு வேண்டுமானாலும் ஒட்டி விற்கிறார்கள். எனவே முதலில் அதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அசல் ரிப்பன் என்பது சில மைக்ரான் தடிமனே உள்ள அலுமினியத் தாள். காந்தங்களுக்கு நடுவே மேலும் கீழும் மட்டும் பிடித்து அதைத் தொங்கவிட்டிருப்பார்கள். மின்சாரம் ஓடுவதும் அதில்தான், காற்றை அசைப்பதும் அதுதான். மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின்மேல் அலுமினியப் பட்டையையோ கம்பியையோ ஒட்டிவிட்டால் அது பிளேனர் (தட்டைப் படல) வகை. பட்டையை ஒட்டியதற்கு ‘குவாசி ரிப்பன்’ என்று கௌரவமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். விசிறி மடிப்பாக மடித்த படலம் கொண்ட ஏஎம்டி ட்வீட்டர் (உச்ச ஒலிகளைத் தரும் பகுதிதான் ட்வீட்டர்) வேறு ஒரு வகை. எல்லாமே நன்றாக ஒலிக்கக்கூடியவைதான். ஆனால் அசல் ரிப்பனுக்கு உரிய விலையைக் குவாசி ரிப்பனுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

அசல் ரிப்பனை அதிகம் பேர் எட்டக்கூடிய விலையில் தந்த ஸ்பீக்கர் என்றால் மேக்னபேன் 3.7தான். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வைட் பேர் லேக் என்ற ஊரில் இதைத் தயாரிக்கிறார்கள். 3எம் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜிம் வைனி 1969இல் தொடங்கிய நிறுவனம் இது. 2011இல் 3.7 வந்தது. பின்னர் சிறு திருத்தத்தோடு பெயரின் முடிவில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து சேர்ந்தது. வாசிக்கும்போது அது வேற்றுமை உருபு போலக் குழப்பும் என்பதால் இங்கே வெறும் 3.7 என்றே சொல்கிறோம். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைந்த உயரம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலம்கூட இல்லாத தடிமன். பெட்டியே கிடையாது, பார்க்க ஒரு மடக்குத் தட்டி போல நிற்கும். இதில் ட்வீட்டர் மட்டும்தான் அசல் ரிப்பன்: 55 அங்குல நீளம், அதாவது சுமார் 140 செ.மீ. நடு அலைவரிசையும் பேஸும் (கீழ் ஒலிகள்) மைலார் படலத்தில் இருந்து வருகின்றன.

ஒலியைப் பற்றி. ரிப்பனைப் புகழ்கிறவர்கள் ‘வேகம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அது பாதிதான் சரி. எடை மிகக் குறைவாக இருப்பதால் தாள் உடனே அசைகிறது, உடனே நிற்கவும் செய்கிறது. அதைவிட முக்கியமானது அதன் வடிவம். அகலம் குறைவாக இருப்பதால் உச்ச அலைவரிசையிலும் ஒலி பக்கவாட்டில் விரிந்து பரவுகிறது. நீளம் 140 செ.மீ. என்பதால் மேலும் கீழும் சிதறுவதில்லை. தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பும் ஒலி குறைகிறது. உட்கார்ந்து கேட்டாலும் எழுந்து நின்றாலும் ட்வீட்டரின் தொனி பெரிதாக மாறாது. இரண்டரை அங்குல ரிப்பனைச் சிறு பெட்டியில் வைத்து விற்கும் ஸ்பீக்கர்களில் இந்த வசதி இல்லை: 6 செ.மீ. ரிப்பனின் ஒலி சுமார் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே செங்குத்துத் திசையில் குறுகிவிடும். நாற்காலியிலிருந்து எழுந்தால் ஜால்ராவின் மினுமினுப்பு காணாமல் போகும்.

இதன் பலனைத் தம்புராவில் கேட்கலாம். நல்ல பதிவில் ஒவ்வொரு மீட்டலுக்குப் பிறகும் ஜீவாளி (தந்திக்கு அடியில் செருகும் நூல்) எழுப்பும் அந்த ரீங்காரம் மெல்ல விரிந்து, மேல்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டி மறையும். குமிழ் வடிவிலான பல டோம் ட்வீட்டர்களில் அது ஒரே பூச்சாகக் கலந்துவிடுகிறது, 3.7இல் இழை இழையாகப் பிரிகிறது. வயலினில் வில் தந்தியைப் பிடிக்கும் சொரசொரப்பு கேட்கும், ஆனால் காதைக் குத்தாது. குரல் முன்னால் வந்து நிற்பதில்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொள்ளும். கச்சேரி அரங்கில் நான்காவது வரிசையிலிருந்து கேட்பது போன்ற தூரம். சிலருக்கு இது பிடிக்காது, பாடகர் மடியில் வந்து உட்கார வேண்டும் என்பார்கள். அவர்கள் வேறு ஸ்பீக்கர் பார்ப்பது நல்லது.

மிருதங்கத்தில் வலப்பக்க வலந்தலையின் ‘நம்’மும் ‘தின்’னும் அச்சு அசலாக வரும். இடப்பக்கத் தொப்பியின் கும்காரம் சுருதியோடு தெளிவாக வரும், ஆனால் எடை கொஞ்சம் குறையும். தவிலுக்கும் பறைக்கும் வந்தால் குறை வெளிப்படையாகத் தெரியும். நெஞ்சில் இடிக்கும் அடி இதில் இல்லை. நிறுவனம் சொல்லும் கீழ் எல்லை 35 ஹெர்ட்ஸ். அதுவரை சுரம் கேட்கும், உடம்பில் உணர முடியாது. ஒலியளவை மிகவும் ஏற்றிப் பேஸ் மிகுந்த பாடலைப் போட்டால் மைலார் படலம் காந்தத் தகட்டில் பட்டு ‘டப்’ என்று அறையும். அந்தச் சத்தம் கேட்ட நொடியே குறைத்துவிட வேண்டும்.

இப்போது ஆம்ப்ளிஃபையர் கணக்கு. பலர் தவறு செய்யும் இடம் இது. நிறுவனம் தரும் உணர்திறன் எண் 2.83 வோல்ட்டுக்கு 86 டெசிபல். இதை 1 மீட்டர் தூரத்துக்கானதாக எடுத்துக்கொள்வோம். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் 2 வாட். ஒரு வாட்டுக்குப் பார்த்தால் 83 டெசிபல்தான். நீளமான ஒலிமூலம் என்பதால் தூரம் கூடும்போது ஒலி மெதுவாகவே குறையும்: தூரம் இரட்டித்தால் 6 அல்ல, ஏறக்குறைய 3 டெசிபல். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 5 டெசிபல் கழியும், இரண்டு ஸ்பீக்கருக்கு 3 டெசிபல் கூடும். ஆக, ஒரு வாட்டில் நாற்காலியில் கிடைப்பது 81 டெசிபல். உச்சத் தருணங்களில் 100 டெசிபல் வேண்டுமென்றால் ஏறக்குறைய 80 வாட் தேவை; 105 வேண்டுமென்றால் 250 வாட்டைத் தொடும். 8 ஓமில் 60 வாட், 4 ஓமில் 75 வாட் என்று மூச்சுவாங்கும் ஆம்ப் இதற்கு ஆகாது. 4 ஓமில் 200 வாட்டுக்கு மேல் தரக்கூடியதாக, மின்மாற்றியும் பவர் சப்ளையும் தாராளமாக உள்ளதாக வாங்க வேண்டும்.

நல்ல செய்தி என்னவென்றால், 3.7 வாட்டுக்குப் பசித்த ஸ்பீக்கரே தவிர முரட்டு ஸ்பீக்கர் அல்ல. மின்தடை 4 ஓமை ஒட்டியே ஓடும், பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. 1980களில் அப்போஜி நிறுவனத்தின் சிண்டில்லா ரிப்பன் ஸ்பீக்கர் 1 ஓமுக்கு இறங்கி ஆம்ப்களைத் திணறடித்த கதை இங்கே இல்லை. ஹைபெக்ஸ், பியூரிஃபை போன்ற நிறுவனங்களின் கிளாஸ் டி மாட்யூல்களில் கட்டிய ஆம்ப்கள் இதை நன்றாகவே ஓட்டும். 8 வாட் டியூப் ஆம்ப் வைத்திருப்பவர்கள் மட்டும் முந்தைய பத்தியைத் திரும்பப் படிக்கவும்.

வைக்கும் இடம்தான் அடுத்த செலவு, அதற்குக் காசு மட்டும் போதாது. பெட்டி இல்லாததால் முன்னால் எவ்வளவு ஒலி வருகிறதோ அவ்வளவு பின்னாலும் போகிறது, ஆனால் எதிர்க்கட்டத்தில்: முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பெட்டி ஸ்பீக்கரைச் சுவருக்கு அருகே தள்ளினால் பேஸ் கூடும். இதைத் தள்ளினால் குறையும், ஏனென்றால் சுவரில் பட்டுத் திரும்பும் பின்பக்க அலை முன்பக்க அலையைத் தின்றுவிடுகிறது. கணக்கு எளிது. சுவரிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் வைத்தால் சுமார் 86 ஹெர்ட்ஸில் இரண்டும் கைகோக்கும், 172 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று அழிக்கும். 30 செ.மீ. தூரத்தில் வைத்தால் கைகோக்கும் இடம் 286 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதற்குக் கீழே எல்லாம் சன்னமாகிவிடும். ‘மேக்னபேனில் பேஸே இல்லை’ என்று சொல்பவர்களின் வரவேற்பறையைப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஸ்பீக்கர் சுவரை ஒட்டித்தான் நிற்கும்.

குறைந்தது 1 மீட்டர், முடிந்தால் 1.2 மீட்டர் முன்னால் இழுத்து வையுங்கள். அப்போது பின்பக்க அலை ஆறேழு மில்லிசெகண்ட் தாமதித்து வரும். காது அதைக் குழப்பமாக எடுத்துக்கொள்ளாமல் இடப்பரப்பாக எடுத்துக்கொள்ளும். பக்கச் சுவரைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். தட்டியின் விளிம்புத் திசையில் இரு அலைகளும் அழிந்துவிடுவதால் அங்கே ஒலி குறைவு, 60 செ.மீ. இருந்தால் சமாளிக்கலாம். பின்சுவரில் மெல்லிய திரைச்சீலை தொங்கவிடுவது பலர் செய்யும் தவறு. அது உச்ச அலைவரிசையை மட்டும் உறிஞ்சி நடு அலைவரிசையை அப்படியே திருப்பி அனுப்பும், மொத்தமும் மங்கிப்போகும். அதைவிட, ஒழுங்கில்லாமல் அடுக்கிய புத்தக அலமாரி எவ்வளவோ மேல். பத்துக்குப் பத்து அறையில் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இரண்டு தட்டிகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும். ட்வீட்டரை உள்பக்கம் வைப்பதா வெளிப்பக்கம் வைப்பதா என்பது அறையைப் பொறுத்தது. உள்பக்கத்தில் தொடங்குங்கள், மேடை குறுகலாகத் தோன்றினால் இடம் மாற்றிப் பாருங்கள். எப்படி வைத்தாலும் ட்வீட்டர் உங்கள் காதிலிருந்து மற்றப் பகுதிகளைவிடச் சற்றே, 2 முதல் 5 செ.மீ. வரை, தள்ளி இருக்க வேண்டும். நூல் ஒன்றை நாற்காலியில் கட்டி இரண்டு விளிம்புக்கும் இழுத்து அளந்தால் போதும். பிறகு இரண்டு பக்கமும் ஒரே ‘பிங்க் நாய்ஸ்’ என்ற சோதனை இரைச்சலை ஓட்டுங்கள். ஒலி நட்ட நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குள் நிற்க வேண்டும். பரந்து கிடந்தால் அளவு தவறு. கடைசியாக, ஒலி கூராக இருந்தால் பின்பக்க இணைப்பில் ட்வீட்டருக்கு 1 ஓம் ரெசிஸ்டர் போட இடம் இருக்கிறது. கம்பளம் இல்லாத மொசைக் தரை வீடுகளில் பெரும்பாலும் அது தேவைப்படும். தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியையும் கேட்கும்போது நிறுத்திவிடுங்கள்: இறக்கைகளில் பட்டுத் திரும்பும் ஒலி நீண்ட சுரங்களை நடுங்க வைக்கும்.

பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் சேர்ப்பதானால் மூடிய பெட்டி வகையாக இரண்டு வைத்து, 50 அல்லது 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அவற்றுக்குப் பிரித்துவிடுங்கள். ஒன்று மட்டும் போதும் என்று மூலையில் வைத்தால் மேலே தெளிவாகவும் கீழே மப்பாகவும் இரண்டு வீடு போல ஒலிக்கும். 3.7க்குப் போகும் பேஸை ஹைபாஸ் (கீழ் ஒலிகளைத் தடுக்கும்) வடிகட்டி மூலம் வெட்டினால் அந்த ‘டப்’ தொல்லையும் பெருமளவு தீரும்.

எது கெட்டுப்போகும்? ரிப்பன்தான். அதிக மின்னோட்டம் போனால் தாள் சூடேறி நீண்டு தொய்ந்துவிடும், அல்லது அறுந்துபோகும். அதற்காகத்தான் பின்னால் ஃபியூஸ் இருக்கிறது. ஃபியூஸ் போனால் அதே அளவுள்ளதைப் போடுங்கள். ‘ஒலி திறக்கும்’ என்று சொல்லி ஃபியூஸை எடுத்துவிட்டுச் செம்புத் துண்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஃபியூஸின் விலையையும் புது ரிப்பனின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும். பேட்டரியைத் தொட்டு ட்வீட்டரைச் சோதிக்கும் பழக்கமும் இங்கே ஆகாது. தூசி தட்ட வேக்யூம் கிளீனரைத் துணி அருகே கொண்டுபோகவே கூடாது. இரும்புத் தூள் பறக்கும் இடத்தில் வைக்காதீர்கள், காந்தம் இழுத்துக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. மேக்னபேனின் பழைய மாடல்களில் இன்னொரு நோயும் உண்டு: கம்பியை மைலாரில் ஒட்டிய பசை வயதாகி விட்டுப்போய், குறிப்பிட்ட சுரங்களில் ‘ர்ர்’ என்று அதிரும். வெயில் விழும் ஜன்னலருகே நின்றவற்றில் இது சீக்கிரம் வரும்.

மதிப்பு என்று பார்த்தால், 2011இல் வந்தபோது இதன் விலை ஜோடிக்கு ஆறாயிரம் டாலருக்கும் கீழே இருந்தது. 140 செ.மீ. அசல் ரிப்பனை அந்த விலைக்கு வேறு யாரும் தரவில்லை. ஐரோப்பாவின் முழு ரிப்பன் ஸ்பீக்கர்கள் இதைப் போலப் பல மடங்கு. ஆனால் ஆம்ப், இரண்டு சப்வூஃபர், கப்பல் கட்டணம், சுங்கம் எல்லாம் சேர்த்தால் மொத்தச் செலவு ஸ்பீக்கர் விலையைப் போல எளிதாக இரண்டு மடங்காகும். அந்த மொத்தத் தொகையை வைத்துத்தான் பெட்டி ஸ்பீக்கரோடு ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டாலும், பெரிய அறையும் கர்நாடக இசை, ஜாஸ், சேம்பர் இசை ரசனையும் உள்ளவருக்கு 3.7ஐத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். சினிமாவும் குத்துப்பாட்டும்தான் பிரதானம் என்றால் வேண்டாம். பிளேனர் ஒலி பிடிக்குமா என்றே தெரியாதவர்கள் முதலில் இதே நிறுவனத்தின் சிறிய எல்ஆர்எஸ் ஸ்பீக்கரைக் கேட்கட்டும். 2019இல் 650 டாலருக்கு வந்தது அது. அசல் ரிப்பன் அதில் இல்லை, ஆனால் பெட்டியில்லாத ஒலியின் குணம் அப்படியே இருக்கிறது.

பழையது வாங்குவதானால் விற்பவர் வீட்டில் 30இலிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் தொனியை மிதமான ஒலியில் ஓட்டுங்கள்; எங்கேயாவது அதிர்ந்தால் பசை விட்டிருக்கிறது. ட்வீட்டரின் நீளம் முழுக்கக் காதை மேலிருந்து கீழாக நகர்த்திக் கேளுங்கள். நடுவில் கரகரத்தால் தாள் தொய்ந்து காந்தத்தில் உரசுகிறது. இரண்டு பக்க ஃபியூஸ்களையும் கழற்றி அளவு பாருங்கள். கையேட்டில் சொன்னதைவிடப் பெரியது இருந்தால், புது ரிப்பனுக்கும் அதை மினசோட்டாவிலிருந்து வரவழைப்பதற்கும் ஆகும் தொகையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.