இதய நோயாளியைக் கவனிக்க எங்கே கற்பது: வகுப்பறையிலா, பொம்மையிடமா, வார்டிலா?

இதயம், ரத்தக் குழாய் சம்பந்தமான நோயுள்ள பெரியவர்களைக் கவனிக்க பிராக்டிகல் நர்ஸ்களைத் தயார்படுத்தும் இடங்களில் ஒரே வாக்குவாதம் திரும்பத் திரும்ப வரும். கையில் இருப்பதோ கொஞ்சம் மணி நேரம். அதை வகுப்பறைப் பாடத்துக்குக் கொடுப்பதா, மூச்சுவிட்டுப் பேசும் பொம்மை இருக்கும் பயிற்சி அறைக்குக் கொடுப்பதா, பிள்ளைகளை நேரே வார்டில் கொண்டுபோய் நிறுத்துவதா? மூன்று இடத்திலும் நின்று சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் நான் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

முதலில் இது யாருக்கான பயிற்சி என்பதைப் பார்த்துவிடலாம். பிராக்டிகல் நர்ஸ் என்பவர் பதிவுபெற்ற செவிலியர் அல்லது மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளியை நேரடியாகக் கவனிப்பவர். இன்ன நோய் என்று முடிவு செய்வது அவர் பொறுப்பில்லை. ஆனால் படுக்கைக்குப் பக்கத்தில் அதிக நேரம் இருப்பவர் அவர்தான். கால் வீக்கம் கூடியதோ, பேசும்போது மூச்சு இரைப்பதோ முதலில் அவர் கண்ணில்தான் படும். ஆகவே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள மாற்றத்தைப் பிடிக்கவும், பிடித்ததைத் தயங்காமல் உரியவரிடம் சொல்லவும் எந்த வழி பழக்குகிறது?

வகுப்பறையில் ஆரம்பிக்கலாம். அதை ஒதுக்கிப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சில விஷயங்களை உட்கார்ந்து, கரும்பலகையில் கோடு போட்டுத்தான் புரியவைக்க முடியும். இதயச் செயலிழப்பு (இதயத்தால் போதிய அளவு ரத்தத்தை வெளியே தள்ள முடியாத நிலை) உள்ளவருக்கு உடம்பில் தேங்கிய நீர் பிரிய ஃபுரோஸ்மைட் தருகிறோம். சிறுநீரோடு பொட்டாசியமும் வெளியேறுகிறது. ரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே போனால், அதே நோயாளி சாப்பிடும், இதயத் துடிப்பைக் குறைக்கும் டிகாக்சின் மாத்திரை நஞ்சாகும் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் டிகாக்சின் கொடுக்கும் முன் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து முழுதாக 60 விநாடி எண்ணச் சொல்கிறோம். துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் தகவல் சொல்லச் சொல்கிறோம். இந்தச் சங்கிலி மனதில் பதியாத பெண், எண்ணுவதை ஒரு சடங்காகவே செய்வாள். வேலை நெருக்கடியில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கிவிடுவாள். துடிப்பு சீராக இல்லாத நோயாளியிடம் அந்தக் கணக்கு தவறாகப் போகும்.

தமனியா (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாய்), சிரையா (இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்) என்பதும் அப்படித்தான். பேச்சில் நாம் எல்லாவற்றையும் ‘நரம்பு’ என்றே சொல்லிவிடுகிறோம். அதனால் இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கே ஒரு வகுப்பு போய்விடும். தமனி அடைத்த கால் சில்லென்று இருக்கும், வெளிறும், முடி உதிர்ந்து தோல் பளபளக்கும். நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் வலி விடும். சிரை பழுதான கால் கனத்து வீங்கும், கணுக்காலைச் சுற்றிப் பழுப்பு படரும், தூக்கிவைத்தால் சுகமாக இருக்கும். சிரைப் புண்ணுக்கு அழுத்தக் கட்டுதான் மருந்து. அதே கட்டைத் தமனி அடைத்த காலில் இறுக்கிக் கட்டினால், இருக்கிற கொஞ்ச ரத்த ஓட்டமும் நின்று கால் போகலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

ஆனால் அந்த அட்டவணையை ஒரு சொல் விடாமல் ஒப்பித்த பிள்ளைகள் நிஜக் காலின் முன்னால் திகைத்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். வயதானவர்கள் பலருக்கு இரண்டு கோளாறும் ஒரே காலில் இருக்கும். புத்தகத்துக் கால் பிரச்சினையில்லாமல் ஒரு பக்கம் சேர்ந்துவிடும். நிஜக் கால் சேராது. பாதத்தின் மேல்புறம் நாடி கிடைக்கிறதா என்று விரல் வைத்துத் தேடிய அனுபவத்துக்கு எந்த அட்டவணையும் ஈடாகாது. பழகாத விரல், அழுத்திப் பிடித்தால் நாடி தெரியும் என்று நினைக்கும். அழுத்தினால் இருக்கிற நாடியும் மறைந்துவிடும்.

அடுத்தது பொம்மை. 1960-இல் நார்வேக்காரர் ஆஸ்முண்ட் லேர்டால், வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துப் பழக ரெசஸ்ஸி ஆன் பொம்மையைக் கொண்டுவந்தார். 1968-இல் மியாமி பல்கலைக்கழகத்து மைக்கேல் கார்டன் இதய நோய்களுக்கென்றே ஹார்வி என்ற பொம்மையை அறிமுகப்படுத்தினார். நாடி, ரத்த அழுத்தம், இதய ஒலி எல்லாம் அதில் நோய்க்கு ஏற்ப மாறும். இப்போது வரும் பொம்மைகள் வியர்க்கின்றன, பேசுகின்றன. வார்டு நேரத்தை இதற்கு மாற்றலாமா என்பதற்கு, அமெரிக்க மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014-இல் வெளியிட்ட பெரிய ஆய்வைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். வார்டுப் பயிற்சியில் பாதி வரை பொம்மைப் பயிற்சிக்கு மாற்றியும் மாணவர்களின் தேர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை என்பது அதன் முடிவு. இதைச் சொல்பவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அது பதிவுபெற்ற செவிலியர் படிப்பில் இருந்தவர்களை வைத்து நடந்தது. இரண்டு, அங்கே சொல்லிக்கொடுத்தவர்கள் பொம்மைப் பயிற்சிக்கென்றே பழக்கப்பட்டவர்கள். ஒவ்வொரு முறையும் முடிந்தபின் உட்கார்ந்து பேசி அலசியவர்கள். விலை உயர்ந்த பொம்மையை வாங்கி வைத்துவிட்டு, பேசி அலசும் நேரத்தை வெட்டுகிற இடத்தில் அந்த முடிவை எதிர்பார்க்க முடியாது.

பொம்மையின் பெரிய பலம், தவறு செய்ய இடம் தருவது. ஒருமுறை மானிட்டரில் கோடு நேராகப் போகும்படி வைத்தேன். உள்ளே வந்த பெண் திரையைப் பார்த்த வேகத்தில் நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிட்டாள். அழுத்தம் பிரமாதம், ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 110. ஆனால் பொம்மை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஒட்டிய ஒயர் ஒன்றுதான் கழன்றிருந்தது. முடிந்தபின் வீடியோவைப் போட்டுக் காட்டியபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளே, ‘நான் அவரைப் பார்க்கவே இல்லை’ என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த மதியம் முழுவதையும் தரலாம். நிஜ வார்டில் அவசரம் வந்தால் பயிற்சிப் பிள்ளைகளை ஓரமாக நிற்கச் சொல்வார்கள். அங்கே இது கிடைக்க வழியே இல்லை. தொடை வழியாக ஆஞ்சியோ செய்தவருக்குக் குத்திய இடத்தில் ரத்தம் கசிவது, வெளியே எதுவும் தெரியாமல் உள்ளுக்குள் கசிந்து, முதுகு வலிக்கிறது என்று அவர் சொல்ல, பி.பி. இறங்குவது என எப்போதாவது வந்து உயிரை எடுக்கும் விஷயங்களுக்குப் பொம்மைதான் சரி.

அப்புறம் அதன் குறை. பொம்மையிடம் எல்லாம் கால் மணி நேரத்தில் நடந்துவிடும். உள்ளே நுழையும்போதே எப்போது கவிழப்போகிறார் என்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். இதயச் செயலிழப்பு அப்படி வருவதில்லை. நாள் கணக்கில், சத்தமில்லாமல் ஏறும். நீர் கோத்த காலை விரலால் அழுத்தினால் குழி விழும்; பெரும்பாலான பொம்மைகளின் காலில் அது விழாது. குழி விழும் பொம்மைக் காலும் நேற்றைவிட இன்று ஆழமாகக் குழிவதில்லை. மெதுவான மாற்றத்தைப் பார்க்கும் கண்ணைப் பொம்மை பழக்குவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய மனக்குறை.

வீடியோப் பாடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இதய ஒலிகளைத் திரும்பத் திரும்பக் கேட்க நல்லது. அதற்கு மேல் பயிற்சி என்று பெயர் வைக்க வேண்டாம்.

இனி வார்டு. கால் புண்ணுக்காகச் சேர்ந்திருந்த ஒரு பெரியவர். பழைய இதயச் செயலிழப்பும் உண்டு. பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணிடம் அவரை மூன்று நாள் தொடர்ந்து ஒப்படைத்திருந்தோம். எடை முதல் நாள் 71.2 கிலோ, இரண்டாம் நாள் 71.9. மூன்றாம் நாள் காலை பொறுப்பில் இருந்த மூத்த நர்ஸிடம் வந்து, ‘சிஸ்டர், எடை இன்னிக்கு 73. சிறுநீர் போனப்புறம், சாப்பிடறதுக்கு முன்னாடி, அதே மெஷின்லதான் எடுத்தேன். நேத்து ரெண்டு தலையணையில படுத்தவர் ராத்திரி மூணு கேட்டிருக்கார். மூச்சு வாங்குதான்னு கேட்டா, வயசாச்சும்மா, வேற ஒண்ணுமில்லைன்னு சொல்றார்’ என்றாள். ஒரே நாளில் சுமார் ஒரு கிலோவோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் நீர் கோக்கிறது என்று அவள் வகுப்பில் படித்ததுதான். நீர் கோத்தால் தட்டையாகப் படுக்கும்போது மூச்சு முட்டும், தலையணை கூடும்; ஆனால் தலையணையை எண்ணச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மூன்று நாள் அதே மனிதருக்குப் படுக்கையைச் சரிசெய்ததால் அது அவள் கண்ணில் பட்டது. டாக்டர் அன்றைக்கே மருந்தை மாற்றினார்.

இதே பெண்ணை முதல் நாள் ஒரு வார்டு, மறுநாள் வேறு வார்டு என்று சுற்றவிட்டிருந்தால் அவளுக்கு 73 என்பது வெறும் எண். பல இடங்களில் சுழற்சி என்ற பெயரில் இதைத்தான் செய்கிறார்கள். எல்லாவற்றையும் பார்த்த மாதிரி பதிவேட்டில் இருக்கும். எதையும் தொடர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

வார்டுக்கும் சிக்கல் உண்டு. என்ன நோயாளி வருவார் என்பது நம் கையில் இல்லை. கற்றுத்தரும் மூத்த நர்ஸுக்கு அவருடைய வேலையே தலைக்கு மேல் இருக்கும். நான் பிள்ளைகளை அழைத்துப்போன ஓர் இடத்தில், இரண்டு வாரமும் அவர்களை பி.பி. எடுக்கும் கைகளாக மட்டுமே பயன்படுத்தினார்கள். அதுவும் எல்லாக் கைக்கும் ஒரே அளவுப் பட்டை. பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அழுத்தம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. பிள்ளைகள் அந்தத் தவறை நூறு முறை பழகி, கை தேர்ந்து வெளியே வந்தார்கள். மோசமான வார்டு கெட்ட பழக்கத்தை ஆழமாக ஊன்றிவிடும். பொம்மை அறையில் அந்த ஆபத்து குறைவு.

ஆகவே என் தேர்வு இது. கவனித்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற வார்டு கிடைத்தால், பெரும்பங்கு நேரம் அங்கேதான் போக வேண்டும். ஒருவருக்கு ஒரே நோயாளி, குறைந்தது மூன்று நாள் தொடர்ச்சியாக. வகுப்பறைப் பாடத்தை முதல் மாதத்திலேயே மொத்தமாகக் கொட்டாமல், மருந்துச் சங்கிலியையும் கால் வித்தியாசத்தையும் அந்தந்த வாரத்து நோயாளிக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்கலாம். பொம்மைக்கு அவசரங்களைக் கொடுங்கள். கூடவே டாக்டருக்குப் போன் போட்டு நிலைமை சொல்லும் பழக்கத்தையும் அங்கேயே வையுங்கள். பார்த்ததைப் பிடித்துவிட்டு, சொல்லப் பயந்து நின்ற பிள்ளைகளை எனக்கு நிறையத் தெரியும்.

அப்படிப்பட்ட வார்டு கிடைக்கவே இல்லை என்றால் பொம்மையை வேறு மாதிரி பயன்படுத்திப் பாருங்கள். ஒரே பொம்மைக்கு ஒரு பெயர், ஒரு கேஸ் ஷீட். திங்கள் முதல் வியாழன் வரை தினமும் இருபது நிமிடம். எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறட்டும், சிறுநீர் அளவு குறையட்டும், மூன்றாம் நாள் படுக்கையில் ஒரு தலையணை கூடுதலாக இருக்கட்டும். எந்த அலாரமும் அடிக்க வேண்டாம். முந்தைய நாள் பக்கத்தை யார் புரட்டிப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.