வெப்பமா, வைட்டமினா? ரைபோசோமை மறிக்கும் இரண்டு ஆர்என்ஏ மடிப்புகள்

பாக்டீரியாவில் புரதத் தயாரிப்பு தொடங்கும்போது, புரதத்தைக் கட்டும் இயந்திரமான ரைபோசோம், மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவின் முன்பகுதியில் இருக்கும் ஷைன்-டால்கார்னோ வரிசை என்ற சிறு துண்டைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது. அந்த வரிசை ஒரு மடிப்புக்குள் மறைந்துவிட்டால் தயாரிப்பு தொடங்காது. எந்தப் புரதத்தின் துணையும் இல்லாமல் ஆர்என்ஏ தானே இப்படி மறைத்துக்கொள்ள இரண்டு முறைகள் உண்டு: சூட்டை உணரும் ஆர்என்ஏ வெப்பமானி, சிறு மூலக்கூறை உணரும் ரைபோஸ்விட்ச்.

வெப்பமானிக்கு லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வளரக்கூடிய கிருமி இது. இதன் பிஆர்எஃப்ஏ மரபணுவின் தூது ஆர்என்ஏ 30 டிகிரிக்குக் கீழே மடிந்தே கிடக்கும். உடல் சூடான 37 டிகிரியில் மடிப்பு தளர்ந்து ரைபோசோம் உள்ளே வரும். உருவாகும் புரதம் நோயுண்டாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். 2002-ல் இதைக் கண்டறிந்தவர்கள் இந்த முன்பகுதியை ஈ. கோலை என்ற வேறொரு பாக்டீரியாவுக்குள் வைத்தும் பார்த்தார்கள். அங்கேயும் வேலை செய்தது.

அதே 2002-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கரின் குழு ஈ. கோலையின் தைஎம் மரபணுவில் ரைபோஸ்விட்சைக் காட்டியது. வைட்டமின் பி1-இன் செயல்வடிவமான தயமின் பைரோபாஸ்பேட் ஆர்என்ஏவில் போய் ஒட்டினால் ஷைன்-டால்கார்னோ வரிசை மறைந்துவிடும். வைட்டமின் சரக்கு போதுமான அளவு இருக்கிறது, இனித் தயாரிக்க வேண்டாம் என்று பொருள். வெப்பமானியில் தூண்டல் வந்தால் திறக்கும், இங்கே வந்தால் மூடும்.

எளிமையில் வெப்பமானிதான் முன்னால் நிற்கிறது. மடிப்பைப் பிடித்துவைக்கும் ஆர்என்ஏ எழுத்துகளின் இணைகள் சரியான அளவில் பலவீனமாக அமைந்தாலே போதும். ஆனால் வெயிலில் காய்ந்த கல்லின் 37 டிகிரியும் மனித உடலின் 37 டிகிரியும் அதற்கு ஒன்றுதான். ரைபோஸ்விட்சோ வெறும் தயமினையும் பாஸ்பேட் சேர்ந்த தயமினையும் பிரித்து அறியும். அந்த நுட்பத்துக்குக் கச்சிதமான ஒரு குழிவு வேண்டும், அப்புறம் அந்தக் குழிவே அதை ஏமாற்றவும் இடம் தருகிறது. பைரிதயமின் என்ற போலி மூலக்கூறு செல்லுக்குள் பாஸ்பேட் பெற்று அங்கே உட்கார்ந்துகொள்ளும். வைட்டமின் குறைவாக இருந்தாலும் தயாரிப்பு அடங்கிப்போகும். மருந்து தேடுபவர்களுக்கு ரைபோஸ்விட்சைத்தான் பரிந்துரைப்பேன்.

லிஸ்டீரியாவோ இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது. எஸ்-அடினோசில்மெத்தியோனின் என்ற சிறு மூலக்கூறை உணரும் ஒரு ரைபோஸ்விட்ச், மரபணுவிலிருந்து ஆர்என்ஏ படியெடுக்கப்படுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுக் குட்டி ஆர்என்ஏவாக மிஞ்சுகிறது. அந்தத் துண்டு பிஆர்எஃப்ஏவின் முன்பகுதியில் ஒட்டி அதன் புரத அளவைக் குறைக்கிறது என்று 2009-ல் தெரியவந்தது. வெப்பமானி 37 டிகிரியில் திறந்துகொண்ட பிறகுதான் அந்தத் துண்டுக்கு ஒட்ட இடமே கிடைக்கிறது.