மூன்று வருடம் ஒரே டெக்: லைப்ரரியை எண்ணக் கற்றுக்கொண்ட கதை

போன வெள்ளிக்கிழமை, மேஜிக் என்ற சீட்டு விளையாட்டு ஆடும் கடையை விட்டுக் கிளம்பும்போது கூட விளையாடும் தம்பி ஒருவன் பிடித்துக்கொண்டான். "அண்ணா, உங்க வெள்ளை-நீல டெக்கையே நானும் கட்டலாம்னு இருக்கேன். காசு போடலாமா?" அப்போது எனக்குப் பதில் சொல்ல மனசில்லை. ஜெயித்த ஆட்டத்தை டிராவில் விட்டுவிட்டு வந்த கடுப்பில் இருந்தேன். அவனுக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுவிட்டது. மேஜிக் விளையாடும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

பயனியர் ஃபார்மேட் (எந்தக் கார்டுகளை ஆடலாம் என்று வரையறுக்கும் வகை), அசோரியஸ் கன்ட்ரோல், அதாவது எதிராளியைத் தடுத்து மெதுவாக ஜெயிக்கும் வெள்ளை-நீல டெக் (சீட்டுக்கட்டு). என்னென்ன கார்டு என்று பட்டியல் போடவில்லை, விளையாடுகிறவர்களுக்குத் தெரியும். மூன்று வருடமாக வாராவாரம் இதைத்தான் எடுத்துப் போகிறேன்.

முதல் ஆறு மாதம் இந்த டெக்கைத் தப்பாகத்தான் ஆடினேன். எதிராளி இறக்குவதை எல்லாம் நிறுத்த வேண்டும், முடிந்த அளவு சீட்டு எடுக்க வேண்டும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒருநாள் ராத்திரி கையில் ஏழு சீட்டு, டேபிளில் 15 லேண்ட் (சீட்டுகளை ஆடத் தேவையான மானாவைத் தருபவை), எதிரே அடிக்க ஒரு கிரீச்சர் கூட இல்லை. டெஃபேரி என்ற கார்டு தரும் எம்பளமும் (ஆட்டம் முடியும் வரை நிலைக்கும் சக்தி) வாங்கியாகிவிட்டது. சீட்டு எடுக்கக் கையை நீட்டினேன். விரல் பிளேமேட்டின் துணியில் பட்டது. எடுக்க ஒன்றுமில்லை. காலி லைப்ரரியிலிருந்து (சீட்டு எடுக்கும் கட்டு) சீட்டு எடுக்க வேண்டி வந்தால் தோல்வி என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் துணி விரலில் படும் வரை அது எனக்கு நடக்கும் என்று நினைத்ததில்லை.

அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். 60இல் ஏழு கைக்குப் போனால் மிச்சம் 53. ரம்மியில் கீழே விழுந்த சீட்டை மனசில் வைத்துக்கொள்கிறோமே, அதே பழக்கம்தான். ஆனால் இங்கே கீழே விழுந்ததை விட, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஐந்தாவது டேர்ன் தாண்டியதும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். லைப்ரரியில் எத்தனை சீட்டு? அதில் லேண்ட் எத்தனை? டெஃபேரி எத்தனை? 27 லேண்டில் டேபிளில் 9, கையில் 2 என்றால் மிச்சம் 16. கஷ்டமான கணக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு டேர்னும் செய்ய வேண்டும்.

முதலில் புரிந்தது, எதிரேயும் கன்ட்ரோல் டெக் இருந்தால் யார் முதலில் ஆடினார்கள் என்பதே ஆட்டத்தைத் தீர்த்துவிடலாம் என்பது. முதலில் ஆடுபவருக்கு முதல் டேர்னில் சீட்டு கிடையாது. இரண்டு பேரும் சரிசமமாக எடுத்துக்கொண்டே போனால், இரண்டாவதாக ஆடுபவரின் லைப்ரரிதான் முதலில் தீரும். அதனால் அப்படிப்பட்ட ஆட்டங்களில் சைட்போர்டிலிருந்து (ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ள ஒதுக்கி வைத்த சீட்டுகள்) மூன்று நான்கு கார்டு உள்ளே போட்டால், எதையும் வெளியே எடுக்க மாட்டேன். 2013இல் விதி மாறியதிலிருந்து ஒன்றுக்கு ஒன்று மாற்ற வேண்டிய கட்டாயமில்லை. 60க்குக் குறையாமல் இருந்தால் போதும். 64 சீட்டோடு உட்கார்ந்தால் எனக்கு நான்கு டேர்ன் கூடுதலாகக் கிடைக்கிறது.

அப்புறம் மெமரி டெலூஜ் என்ற கார்டு. நான்கு மானா போட்டால் மேலே உள்ள நான்கைப் பார்த்து இரண்டைக் கையில் எடுக்கலாம், மற்ற இரண்டும் அடியில் போகும். முதல் வருடம் அடியில் போனதை மறந்துவிடுவேன். இப்போது அதுதான் கணக்கின் பாதி. அடியில் போனது இரண்டும் தேவையில்லாத லேண்ட் என்றால் லைப்ரரியைக் கலைக்கவே கூடாது, மேலே இருப்பவை அந்த அளவுக்கு நல்லவை ஆகிவிட்டன. வேறு வழியில்லாமல், எல்லா கிரீச்சரையும் அழிக்கும் ஒரு சுப்ரீம் வெர்டிக்ட்டை அடியில் தள்ளினேன் என்றால், ஃபீல்ட் ஆஃப் ரூயின் என்ற லேண்டை உடைத்துவிடுவேன். எதிராளியின் லேண்ட் ஒன்று போகும், ஆளுக்கொரு பேசிக் லேண்ட் வரும், இருவர் லைப்ரரியும் கலையும். வெர்டிக்ட் மறுபடி நடுவில் எங்கேயோ வந்து நிற்கும். எல்லோரும் ஃபீல்ட் ஆஃப் ரூயினை எதிராளியின் லேண்டை அழிக்கத்தான் வைத்திருக்கிறார்கள். நீண்ட ஆட்டத்தில் அது என் லைப்ரரியைக் கலைக்கும் கருவி.

இதெல்லாம் சரி. இந்த டெக்கில் எனக்கு உண்மையான சந்தோஷம் கொடுத்தது ஒரே ஒரு கார்டு, எலிக்சர் ஆஃப் இம்மார்டாலிட்டி. விலை ஒரு மானா. அப்புறம் இரண்டு மானா போட்டுத் திருப்பினால் ஐந்து உயிர் கூடும், அதுவும் கிரேவ்யார்டு (ஆடி முடித்த சீட்டுகள் சேரும் குவியல்) முழுவதும் லைப்ரரிக்குள் திரும்பிப் போகும். ஆரம்பத்தில் கைக்கு வந்தால் வெறும் சுமை. அதனால் ஒருமுறை வெளியே எடுத்தே போட்டுவிட்டேன். 2014இல் போர்ட்லேண்டில் நடந்த புரோ டூர் மேஜிக் 2015ஐ ஸ்லோவாக்கியாவின் இவான் ஃப்ளோக் வென்ற வெள்ளை-நீல கன்ட்ரோல் டெக்கின் பட்டியலைத் தேடிப் படித்த பிறகுதான் மறுபடி சேர்த்தேன். அதிலும் இதே கார்டு இருந்தது.

சேர்த்த பிறகு ஒரு ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் லேண்ட் பெரும்பாலும் டேபிளில், லைப்ரரியில் மூன்று சீட்டு. எலிக்சரைத் திருப்பினேன். கிரேவ்யார்டைக் கையில் அள்ளியபோதுதான் கவனித்தேன், அதில் ஏறக்குறைய எல்லாமே ஸ்பெல் (லேண்ட் அல்லாத சீட்டு). லேண்டெல்லாம் டேபிளில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது, அவை கிரேவ்யார்டுக்குப் போகவே இல்லை. புதிதாகக் கலைத்த லைப்ரரியில் எடுக்கிற ஒவ்வொரு சீட்டும் வெர்டிக்ட், கவுன்ட்டர் (எதிராளி ஆடுவதை ரத்து செய்யும் சீட்டு), டெஃபேரி. ஆரம்பத்தில் இரண்டுக்கு ஒன்று லேண்டாக வந்த டெக், இப்போது லேண்டே இல்லாத டெக். அதற்குள் எலிக்சரும் இருக்கிறது, மறுபடியும் வரும். அந்த ஆட்டத்தில் அடுத்த பத்து டேர்ன் எனக்கு வந்த சீட்டுகளைப் போல எந்த டெக்கிலும் எனக்கு வந்ததில்லை.

அதிலிருந்து இன்னொன்றும் மாறியது. டெலூஜை ஃபிளாஷ்பேக்கில், அதாவது கிரேவ்யார்டிலிருந்தே இன்னொரு முறை ஆடினால், அது எக்ஸைலுக்கு, ஆட்டத்துக்கு வெளியே, போய்விடும். எலிக்சரால் திரும்பக் கொண்டுவர முடியாது. முன்பெல்லாம் ஏழு மானா சேர்ந்ததும் யோசிக்காமல் ஃபிளாஷ்பேக் செய்வேன். இப்போது எலிக்சர் இன்னும் லைப்ரரிக்குள் இருந்தால், டெலூஜை கிரேவ்யார்டிலேயே விட்டுவைக்கிறேன். இன்றைக்கு இரண்டு சீட்டா, 20 டேர்ன் கழித்து அந்தக் கார்டே திரும்ப வேண்டுமா என்று பார்த்துத்தான் முடிவு. எதிராளி, கிரேவ்யார்டு முழுவதையும் எக்ஸைல் செய்யும் ரெஸ்ட் இன் பீஸ் போடக்கூடிய டெக் என்றால் மட்டும் காத்திருக்க மாட்டேன்.

எலிக்சர் கிடைக்காத ஆட்டத்துக்கு டெஃபேரி இருக்கிறார். 2018இல் டொமினேரியாவில் வந்த ஹீரோ ஆஃப் டொமினேரியா. மைனஸ் மூன்றில், அதாவது அவருடைய லாயல்டி புள்ளி மூன்றைக் கொடுத்தால், ஒரு பெர்மனென்ட்டை (டேபிளில் நிற்கும் சீட்டு) அதன் சொந்தக்காரர் லைப்ரரியில் மேலிருந்து மூன்றாவதாக வைப்பார். லேண்ட் தவிர எதையும் வைக்கலாம், அவரையே கூட. லைப்ரரி காலி என்றால் அவர் ஒருவரே லைப்ரரி. அடுத்த டேர்ன் எடுத்து, ஐந்து மானாவுக்கு இறக்கி, மறுபடி உள்ளே வைக்கலாம். எனக்குச் சீட்டு தீரவே தீராது, எதிராளிக்குத் தீரும். எம்பளம் வாங்க எட்டு லாயல்டியைக் கொடுத்தால் அந்த டெஃபேரி கிரேவ்யார்டுக்குப் போய்விடுவார். ஆகவே இரண்டாவது டெஃபேரியை எப்பாடு பட்டாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும். என்னை அன்றைக்கு பிளேமேட்டைத் தொட வைத்த தப்பு அதுதான். எனக்கிருந்த மற்ற இரண்டு டெஃபேரியும் அதற்கு முன்பே கிரேவ்யார்டில் கிடந்தார்கள்.

இனி கோபத்துக்கு வருகிறேன். ஒரு சுற்றுக்கு 50 நிமிடம். மணி அடித்தால் நடப்பு டேர்ன் முடிந்து இன்னும் ஐந்து டேர்ன், அதுவும் இருவருக்கும் சேர்த்து. ஜெயித்தால் மூன்று புள்ளி, டிரா என்றால் ஒன்று. போன வெள்ளி ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து மூன்றாவதில் இருந்தோம். என்னிடம் எம்பளம் இருக்கிறது, நான் ஒவ்வொரு சீட்டு எடுக்கும்போதும் எதிராளியின் ஒரு பெர்மனென்ட் எக்ஸைலாகிறது. அவருக்கு டேபிளில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது டெஃபேரி என் லைப்ரரிக்குள் போய் வந்துகொண்டிருக்கிறார். எதிராளியின் லைப்ரரியில் 19 சீட்டு. அதாவது அவருடைய 19 டேர்ன். மணி அடித்தது. டிரா.

எதிரே இருந்தவர் மீது குறையே இல்லை. அவர் வேகமாகத்தான் ஆடினார். தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்திருக்க வேண்டிய கட்டாயமும் அவருக்குக் கிடையாது. முதல் ஆட்டத்தையே 30 நிமிடத்துக்கு மேல் இழுத்தது நான்தான். விதியும் நியாயமானதுதான், மற்ற டேபிள்காரர்கள் எங்களுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? சென்செய்ஸ் டிவைனிங் டாப் என்ற கார்டை 2017இல் லெகசி என்ற இன்னொரு ஃபார்மேட்டில் தடை செய்ததற்கு ஆட்டத்தை இழுக்கிறது என்பதும் ஒரு காரணம். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மூன்று வருடத்தில் நான் தோற்று இழந்த புள்ளிகளை விட, இப்படி ஜெயித்த ஆட்டத்தில் மணி அடித்து இழந்தவைதான் மனசில் நிற்கின்றன. எண்ணக் கற்றுக்கொண்டேன். அந்த எண்ணிக்கைக்கே நேரம் போகிறது.

தம்பி, அதனால் உனக்கு என் பதில்: இந்த டெக்கைக் கட்டாதே. மேலே இவ்வளவு நல்லதாகச் சொல்லிவிட்டு இப்படி முடிக்கிறேனே என்று நீ கேட்பாய். கேட்டுக்கொள். இன்றைய மனநிலையில் யாருக்கும் இதைச் சிபாரிசு செய்ய என்னால் முடியாது. சிவப்பு டெக் ஒன்று கட்டு, பதினைந்து நிமிடத்தில் எழுந்து போய் டீ குடிக்கலாம்.

என் டெக்கின் ஸ்லீவ் (சீட்டு உறை) ஓரமெல்லாம் பிளந்துவிட்டது, கலைக்கும்போது ஒன்றோடொன்று மாட்டுகிறது. நேற்று புதுப் பாக்கெட் வாங்கி 60ஐயும் மாற்றினேன். மாற்றும்போது ஒரு ஐலண்டை எடுத்துவிட்டு ஹால் ஆஃப் ஸ்டார்ம் ஜயன்ட்ஸ் ஒன்றைப் போட்டேன். ஆறு மானாவுக்கு அந்த லேண்ட் ஒரு டேர்னுக்கு 7/7 கிரீச்சராக எழுந்து ஏழு உயிர் குறைய அடிக்கும், 20 உயிருக்கு மூன்று அடி போதும். 19 டேர்ன் காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை முதல் சுற்றில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.